லைசோசைம் பைத்தியம்

சிலருக்கு ராஜா, சிலருக்கு ரகுமான். சிலர் தோனிக்காகச் சண்டைக்கே வருவார்கள். எனக்கு லைசோசைம். பெயரைக் கேட்டதும் ஏதோ புது மாத்திரை என்று நினைப்பவர்களை உட்கார வைத்து விளக்க நான் எப்போதும் தயார். கேட்பவர்கள்தான் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். ஆய்வகத்தில் நான் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று ஜாடை காட்டிக்கொள்வார்கள். பரவாயில்லை. இங்கே பக்கம் முழுக்க என்னுடையது. நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

லைசோசைம் ஒரு நொதி. மனித உடலில் இருப்பது 130 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதம். பன்னிரண்டாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவிலிருந்து உருவாகிறது. செல்லுக்குள் தயாராகி வெளியே சுரக்கப்படுவது இதன் வழக்கம். கண்ணீர், எச்சில், மூக்குச்சளி, தாய்ப்பால், குடலின் சுரப்பு என்று உடலின் ஈரமான வாசல்கள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. வெளியுலகம் நம்மைத் தொடும் இடங்கள் அவை. வேலை என்னவோ ஒன்றுதான்: பாக்டீரியாவின் சுவரை வெட்டுவது. அந்த ஒரு வேலையை இது செய்கிற அழகைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன்.

அந்த அழகைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான் விஷயமே. உயிர்வேதியியலில் பெரும்பாலான நொதிகள் வேலை செய்வது நமக்குத் தெரியாது. கருவி சொல்லும் எண்ணை நம்ப வேண்டும். லைசோசைம் அப்படியில்லை. உலர்த்திய மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாவின் பொடியைக் கொஞ்சம் எடுத்து, அமிலத்தன்மை சற்றே உள்ள பாஸ்பேட் கரைசலில் கலக்கினால் வெள்ளை வெளேரென்று கலங்கல் கிடைக்கும். அதை ஊற்றிய க்யூவெட் என்ற சிறு குப்பிக்குப் பின்னால் அச்சடித்த தாளை வைத்தால் எழுத்து தெரியாது. அதில் நீர்த்த முட்டை வெள்ளைக்கரு ஒரு துளி. கவிழ்த்து ஒரு ஆட்டு. அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கல் தெளியத் தொடங்கும். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் புலப்படும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 450 நானோமீட்டரில் வைத்தால் எண் சரசரவென்று இறங்கும். ஒரு நிமிடத்தில் அந்த எண் 0.001 குறைந்தால் அது ஒரு யூனிட் என்பது கணக்கு. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கண்ணெதிரே கரைகின்றன. முதல் தடவை பார்த்தபோது நான் நோட்டில் எண்களை எழுதவே இல்லை. வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டைக்குப் பதில் மனிதக் கண்ணீரை வைத்துச் செய்தால் இன்னும் சுகம். கண் மருத்துவர்கள் கண் வறட்சியைச் சோதிக்க இமை ஓரத்தில் செருகும் மெல்லிய காகிதப் பட்டை இருக்கிறதே, அதில் ஊறிய கண்ணீரே போதும். அதைக் கழுவி எடுத்த நீரை, அந்த பாக்டீரியாவைக் கலந்து உறையவைத்த அகார் தட்டில் குழி போட்டு ஊற்றி மூடி வைத்தால், குழியைச் சுற்றித் தெளிந்த வட்டம் உருவாகியிருக்கும். அகலமான வட்டம் என்றால் லைசோசைம் அதிகம். என் கண்ணிலிருந்து வந்த நீர் அந்த வேலையைச் செய்தது என்று எண்ணிப் பாருங்கள்! சீரியல் பார்த்து அழுவதைக்கூட அதன்பிறகு நான் வீண் என்று சொல்வதில்லை.

சுவரை எப்படி வெட்டுகிறது என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். பாக்டீரியாவின் சுவர், கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போன்றது. நீளவாட்டில் ஓடுபவை சர்க்கரைச் சங்கிலிகள்; இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறி வரும். அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டுபவை சிறு பெப்டைடு இழைகள். உள்ளே திணிந்திருக்கும் அழுத்தத்தை இந்தப் பின்னல்தான் தாங்கிப் பிடிக்கிறது. லைசோசைம் அந்தச் சர்க்கரைச் சங்கிலியில், இரண்டு சர்க்கரைகளுக்கு நடுவே உள்ள ஒரு குறிப்பிட்ட பிணைப்பைத் தேடி அறுக்கிறது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று அறுபட்டதும் பின்னல் தளர்கிறது, வெளியிலிருந்து நீர் உள்ளே பாய்கிறது, செல் வெடிக்கிறது. நம் செல்களுக்கு இந்தச் சுவரே கிடையாது. அதனால் நம் கண்ணுக்குள்ளேயே நாள் முழுக்க இந்த வெட்டி சுற்றிக்கொண்டிருந்தும் நமக்கு ஒரு கீறலும் இல்லை. ஒரு மருந்துக் கம்பெனி இப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் என்ன விலை வைத்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இதை உலகுக்குச் சொன்னவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். ஆம், பெனிசிலின் ஃபிளெமிங்தான். ஆனால் இது பெனிசிலினுக்கு ஏழு ஆண்டுகள் முந்தைய கதை. 1921 நவம்பரில், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அவருக்குச் சளி பிடித்திருந்தது. மற்றவர்களாக இருந்தால் ஆவி பிடித்திருப்பார்கள். அவர் தன் மூக்குச்சளியை எடுத்துப் பாக்டீரியாத் தட்டில் போட்டுப் பார்த்தார். சளி இருந்த இடத்தின் அருகே மஞ்சள் நிறக் கிருமி ஒன்று கரைந்துகொண்டிருந்தது. உடன் வேலை பார்த்த ஆலிசனோடு சேர்ந்து, எதிலெல்லாம் இந்தச் சக்தி இருக்கிறது என்று தேடத் தொடங்கினார். கண்ணீர் வேண்டும் என்பதற்காக எலுமிச்சைத் தோலைக் கண்ணில் பிழிந்துகொண்டார்கள். வந்தவர் போனவர் கண்களையும் விட்டுவைக்கவில்லை. இதைக் கிண்டல் செய்து கேலிச்சித்திரம்கூட வந்தது. 1922ல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் கட்டுரை வெளியானது. பெயர் சூட்டியவர் அவருடைய மேலாளர் ஆல்ம்ராத் ரைட்.

ஃபிளெமிங்குக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. லைசோசைமுக்கு அந்த மஞ்சள் கிருமி அளவுக்கு எளிதில் கரையும் பாக்டீரியா அபூர்வம். வேறு எந்தக் கிருமி அந்தத் தட்டில் இருந்திருந்தாலும் அவர் ஒன்றும் கவனித்திருக்க மாட்டார். அதே காரணத்தால்தான் உலகமும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: ஆளைக் கொல்லும் கிருமிகள் பலவற்றின் மேல் இதற்குப் பிடியில்லை என்று தெரிந்ததும் ஆர்வம் வடிந்துவிட்டது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி விடவில்லை. லைசோசைம் வேலை செய்யும் விதத்தைக் கண்டறிய எர்ன்ஸ்ட் செயினை இறக்கினார். அந்த வழியில் போய்க்கொண்டிருந்த செயின், பாக்டீரியாவை அழிக்கும் இயற்கைப் பொருள்கள் வேறென்ன என்று பழைய ஆய்விதழ்களைப் புரட்டியபோது கையில் சிக்கியதுதான் ஃபிளெமிங்கின் பெனிசிலின் கட்டுரை. மூவருக்கும் 1945ல் நோபல் கிடைத்தது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் பெனிசிலின் பூஞ்சைக்குப் படம் போடுகிறார்கள். அதற்கு வழிகாட்டிய லைசோசைமுக்கு ஒரு வரியும் இல்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

கொல்லும் கிருமிகள் மேல் பிடியில்லை என்று சொன்னேன் அல்லவா, அதையும் நான் ரசிக்கிறேன். நம் உடலோடு காலங்காலமாகப் பழகிய கிருமிகள் இந்த வெட்டுக்குத் தப்பும் வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் சுவரின் சர்க்கரை மேல் சின்னதாக ஒரு அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிடும். லைசோசைமின் பள்ளத்தில் அது பொருந்தாது. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கோ சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு போர்வையாக இருக்கிறது. உடலும் சும்மா இருப்பதில்லை. கண்ணீரிலும் பாலிலும் லைசோசைமோடு லாக்டோஃபெரின் என்ற புரதத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. அது வெளிச்சவ்வைக் குலைத்துக் கொடுக்க, லைசோசைம் உள்ளே புகுந்து அறுக்கும். ஆய்வகத்தில் ஈ.கோலையை உடைக்க நாங்கள் லைசோசைமோடு ஈடிடிஏ சேர்ப்பதும் இதே தந்திரம்தான்.

கிருமியைக் கொல்வதோடு வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் படித்தேன். பிறகு வந்த செய்திதான் என்னை முழுப் பைத்தியமாக்கியது. பாக்டீரியா செத்த பிறகும் அதன் சுவர்த் துண்டுகள் திசுவில் கிடந்தால், நம் தற்காப்பு மண்டலம் இன்னும் போர் நடக்கிறது என்று எண்ணி வீக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அந்தக் குப்பையைப் பொடிப்பொடியாக்கி அப்புறப்படுத்துவதும் லைசோசைம்தான். மேக்ரோஃபேஜ் செல்களில் உருவாகும் லைசோசைம் இல்லாத எலிகளை வைத்து 2003ல் ஓர் ஆய்வு வெளியானது. இறந்துபோன பாக்டீரியாவைச் செலுத்தினால்கூட அந்த எலிகளில் வீக்கம் அதிகமாகவும் நீண்ட நாளும் இருந்தது. சண்டை போடவும் தெரியும், முடித்துவைக்கவும் தெரியும். இப்படி ஒரு புரதத்தை யாருக்குத்தான் பிடிக்காது!

தாய்ப்பால் பற்றி ஒரு வார்த்தை. மனிதத் தாயின் பாலில் இருக்கும் லைசோசைமின் அளவு பசும்பாலில் இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. அமெரிக்காவில் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மனித லைசோசைம் மரபணுவை ஆடுகளுக்குக் கொடுத்து, அந்தப் பாலைப் பன்றிக்குட்டிகளுக்கு ஊட்டி, வயிற்றுப்போக்கு சீக்கிரம் நிற்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். நல்ல பலன் கிடைத்திருக்கிறது. கண் சிவந்தால் தாய்ப்பால் ஒரு சொட்டு விடச் சொல்லும் பாட்டிகள் நம் வீடுகளில் உண்டு. லைசோசைம் ரசிகை என்ற முறையில் அந்தப் பாட்டிகள் மேல் எனக்கு மதிப்பு கூடியது உண்மை. ஆனாலும் விடாதீர்கள். பாலில் கிருமிகளும் இருக்கும், மருந்து போடும் நேரமும் தள்ளிப்போகும். 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸுக்கு அறுப்பதற்கு அந்தச் சுவரே கிடையாது. கண் டாக்டரிடம் போங்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். என் வேலை பெரும்பாலும் நுண்ணோக்கியின் முன்னால்தான். மெழுகில் புதைத்த திசுவைச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, இன்ன செல் எங்கே இருக்கிறது என்று தேடுவது. திசு ஸ்லைடில் செல்கள் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நிற்பதில்லை. எல்லாம் ஊதாவும் ரோஸுமாக ஒன்றுபோலவே தெரியும். அப்போது நமக்கு ஒரு மார்க்கர் வேண்டும்: ஒரு வகை செல்லில் மட்டும் மிகுதியாக இருந்து, இதோ நான் இங்கே என்று காட்டிக்கொடுக்கும் ஒரு புரதம். குடலைப் பொறுத்தவரை லைசோசைம் அப்படிப்பட்ட மார்க்கர்.

சிறுகுடலின் உட்சுவரில் நுண்ணிய குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில செல்கள் குந்தியிருக்கும். 1888ல் இவற்றை விரிவாக விவரித்த ஜோசப் பேனத் பெயரால் இவை பேனத் செல்கள். வயிறு நிறைய மணிமணியாகத் துகள்கள் வைத்திருக்கும். அந்தத் துகள்களில் லைசோசைம் கொட்டிக் கிடக்கும். ஸ்லைடின் மேல் லைசோசைமுக்கான ஆன்டிபாடியை விட்டு, கழுவி, நிறமேற்றினால் பேனத் செல்கள் மட்டும் அடர் பழுப்பில் எழுந்து நிற்கும். சுற்றிலும் வெளிர் நீலம், குழியின் அடியில் மட்டும் பழுப்பு. முதன்முதலில் அது என் கண்ணில் பட்டபோது நான் போட்ட சத்தத்தில் ஆய்வகத்தின் டெக்னீஷியன் அண்ணன் பதறி ஓடி வந்தார்.

"ஏம்மா, என்னாச்சு? ஸ்லைடு ஒடஞ்சிடுச்சா?"

"இல்லண்ணே, லைசோசைம் தெரியுதுண்ணே!"

அவர் குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. வாஷ் சுத்தமா பண்ணிருக்க" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

இந்தப் பழுப்பு நிறம் சொல்லும் கதைகள் பல. பெருங்குடலின் இடப்பக்கத்தில் பேனத் செல்கள் சாதாரணமாக இருக்காது. அங்கே லைசோசைம் பழுப்பு தெரிந்தால், நெடுநாள் அழற்சியில் திசு உருமாறியிருக்கிறது என்று நோயியல் மருத்துவர் குறித்துக்கொள்வார். நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ 2009ல் குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து தட்டில் குட்டிக் குடலையே வளர்த்துக் காட்டினாரே, அதில் பேனத் செல்களும் உருவாகிவிட்டன என்பதற்குச் சாட்சி சொன்னவற்றில் லைசோசைமும் ஒன்று. அந்தக் குட்டிக் குடலை வளர்க்கும் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் ஃப்ரிட்ஜில் லைசோசைம் ஆன்டிபாடிக் குப்பி ஒன்று இருக்கும். 2017ல் லோரா ஹூப்பரின் குழு இன்னும் ஒரு படி போனது. சில கிருமிகள் பேனத் செல்லின் வழக்கமான சுரப்புப் பாதையை முடக்கிவிடும். அப்போது செல் தன் குப்பை அகற்றும் பாதையையே மாற்றுவழியாகத் திருப்பி லைசோசைமை எப்படியாவது வெளியே அனுப்பிவிடுகிறது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நான் சாப்பாட்டு நேரத்தில் எதிரில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னேன்.

ஆனால் ரசிகை என்பதற்காகப் பொய் சொல்லக் கூடாது. லைசோசைம் தனியாக நம்பத் தகுந்த மார்க்கர் அல்ல. நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற வெள்ளணுக்களும் இதைத் தாராளமாகத் தயாரிக்கின்றன. குடலில் வீக்கம் இருந்தால் அந்தச் செல்களும் வந்து குவிந்து பழுப்பாகும். எனவே பழுப்பு தெரிந்ததும் முடிவுகட்டிவிடாமல், செல் குழியின் அடியில் இருக்கிறதா, துகள்கள் தெரிகின்றனவா, வேறு மார்க்கர் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எலியில் வேறொரு சிக்கல். மனிதருக்கு ஒரே லைசோசைம் மரபணு, எலிக்கு இரண்டு. ஒன்று முக்கியமாகப் பேனத் செல்லுக்கு, மற்றது மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் வகைகளுக்கு. இந்த இரண்டாவது மரபணுவின் விசையைப் பயன்படுத்தி, வேண்டிய மரபணுவை அந்த வெள்ளணுக்களில் மட்டும் நீக்கும் எலி இனத்தை 1999ல் உருவாக்கினார்கள். தற்காப்பியல் ஆய்வில் அந்த எலி பயன்படாத நாடே இருக்காது. அதிலும் ஒரு பிசகு: நுரையீரலின் காற்றுப்பைகளில் உள்ள ஒரு வகைச் செல்லும் அதே விசையைப் போடுகிறது. நுரையீரல் ஆய்வு செய்பவர்கள் இதை மறந்தால் முடிவு தலைகீழாகிவிடும்.

ரத்தப் புற்றுநோயிலும் இதற்கு ஒரு கதை உண்டு. மோனோசைட் வகை லுக்கேமியாவில் அந்தச் செல்கள் பெருகிக்கொண்டே போய் லைசோசைமைக் கொட்டும். ரத்தத்தில் ஏறி, சிறுநீரிலும் வழிந்தோடும். 1966ல் ஆசர்மேன், லாலர் இருவரும் நியூயார்க்கில் இதைக் கண்டு சொன்னார்கள். எந்த வகை லுக்கேமியா என்று பிரித்தறிய அந்தக் காலத்தில் ரத்தத்திலும் சிறுநீரிலும் லைசோசைமை அளப்பது ஒரு வழியாக இருந்தது. சுத்தமான மனித லைசோசைம் முதன்முதலில் கிராம் கணக்கில் கிடைத்ததும் அந்த நோயாளிகளின் சிறுநீரிலிருந்துதான். இன்று ஓட்டச் செல்மானியும் மரபணுச் சோதனையும் வந்த பிறகு அந்த அளவை பின்னால் போய்விட்டது. சார்காய்டோசிஸ் நோயிலும் ரத்தத்தில் லைசோசைம் கூடும். கண்ணீர்ச் சுரப்பியை அழிக்கும் ஷோக்ரன் நோயில் கண்ணீரில் குறையும். நொதி ஒன்றுதான், கூடினால் ஒரு செய்தி, குறைந்தால் இன்னொரு செய்தி.

இவ்வளவு நல்லதற்கும் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. லைசோசைம் மரபணுவில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிப்போன சில குடும்பங்களில், இந்தப் புரதம் சரியாக மடியாமல் நாராகத் திரண்டு சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் படிந்து உறுப்பையே செயலிழக்கச் செய்துவிடுகிறது. மார்க் பெப்பிஸ் குழு 1993ல் இதைக் கண்டறிந்தது. கிறிஸ்டோஃபர் டாப்சன் போன்றவர்கள் அந்த மாறிய லைசோசைமை வைத்து ஆராய்ந்துதான், புரதங்கள் எப்படி நிலைகுலைந்து நாராகின்றன என்ற கேள்வியின் பல முடிச்சுகளை அவிழ்த்தார்கள். கெட்டுப்போனாலும் பாடம் நடத்தும் புரதம் இது.

வடிவம் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. 1965ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் ஃபிலிப்ஸும் கூட்டாளிகளும் கோழிமுட்டை லைசோசைமின் முப்பரிமாண அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டார்கள். அணு அணுவாக வடிவம் தெரிந்த முதல் நொதி இதுதான். அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த லூயிஸ் ஜான்சன், அந்தப் பள்ளத்தில் சர்க்கரை எப்படிப் போய் உட்காருகிறது என்று காட்டினார். ஒரு நொதி எப்படி வேலை செய்கிறது என்று உருவத்தைப் பார்த்தே ஊகிக்க முடிந்தது வரலாற்றில் அதுவே முதல் முறை. ஃபிலிப்ஸ் சொன்ன இயக்கமுறையைப் பாடப்புத்தகங்கள் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒப்பித்தன. 2001ல் கனடாவில் ஸ்டீஃபன் விதர்ஸ் குழு, வெட்டும் நேரத்தில் சர்க்கரை நொதியோடு ஒரு கணம் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது என்று நிரூபித்துத் திருத்தம் போட்டது. இத்தனை ஆண்டு பழகிய பிறகும் ஆச்சரியப்படுத்துகிறதே!

படிகவியல் கற்க வருபவர்களுக்கு முதல் பாடம் இன்றும் லைசோசைம் படிகம் வளர்ப்பதுதான். அசிட்டேட் கரைசல், சாதாரண உப்பு, சுத்தமான லைசோசைம். கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைத் தொங்கவிட்டு மூடி வைத்தால், மறுநாளே வைரப்பட்டை தீட்டியதைப் போல முனை கூர்ந்த படிகங்கள். வேறு புரதங்களுக்கு மாதக்கணக்கில் தவம் கிடக்கிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், இதே படிகத்தை ஈரப்பதம் குறைத்து உலர்த்தி, தண்ணீர் போகப் போகப் புரதம் எப்படி அசைகிறது என்று ஆராய்ந்தவர். கலிஃபோர்னியாவில் எக்ஸ் கதிர் லேசர் வந்த பிறகு, 2012ல் அந்த மாபெரும் கருவியின் திறனைச் சோதிக்க விஞ்ஞானிகள் முதலில் எடுத்தவற்றில் ஒன்று லைசோசைம். இப்படி வெளியாகும் ஒவ்வொரு அமைப்பும் சரியா என்று பார்க்கும் அளவுகோல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963ல் வகுத்த வரைபடம். லைசோசைம் கட்டுரைகளில் அந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனிக் கர்வம். என் பங்கு அதில் ஒன்றுமில்லை என்றாலும்.

புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அளவுக்காக ஓட்டும் மார்க்கர் கலவையிலும் இவர் இருக்கிறார். குறைந்த எடைக் கலவைகள் சிலவற்றில் கடைசிக் கோடு, 14 கிலோடால்டன் சொச்சத்தில் இருப்பது, முட்டை லைசோசைம். ஜெல்லின் அடியில் அந்தக் கோடு தெரிகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

என்னைப் புல்லரிக்க வைத்தது மட்டும் ஒன்று பாக்கி. மாடு புல்லைத் தானாகச் செரிப்பதில்லை. முன்வயிற்றில் உள்ள பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துக் கொடுக்கின்றன. பிறகு அந்த பாக்டீரியாக்களையே மாடு செரித்துச் சத்தாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வயிற்றில் லைசோசைம் சுரக்கிறது. அமிலத்திலும் பெப்சினிலும் தாக்குப்பிடிக்கும் விதமாக மாறிய லைசோசைம். இலை தின்னும் குரங்கான அனுமன் மந்திக்கும் இப்படித்தான் முன்வயிற்றில் நொதித்தல். அந்த நீள்வால் மந்தியின் லைசோசைமைப் பிரித்துப் பார்த்த காரோ-பெத் ஸ்டீவர்ட்டும் ஆலன் வில்சனும் 1987ல் வியந்துபோனார்கள். மாட்டின் லைசோசைமில் நடந்த அதே அமினோ அமில மாற்றங்கள் சில, மந்தியின் லைசோசைமில் தனியாக, மறுபடியும் நடந்திருந்தன. உறவில் வெகு தூரம்; தேவை ஒன்று, விடையும் ஒன்று. பாலில் லாக்டோஸ் உருவாக உதவும் ஆல்ஃபா-லாக்டால்புமின் என்ற புரதமோ லைசோசைமின் நேரடிப் பங்காளி. பழைய லைசோசைம் மரபணு இரட்டித்து, ஒரு பிரதி வெட்டும் தொழிலைக் கைவிட்டு, பால் தொழிலுக்குப் போய்விட்டது. பாலூட்டிகள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் லைசோசைமுக்கும் பங்கு இருக்கிறது.

கல்லூரியில் உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ சொல்லிக்கொடுப்பவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். நொதிகள் பாடத்தைக் கரும்பலகை வரைபடத்தோடு முடித்துவிடாதீர்கள். உலர்ந்த மைக்ரோகாக்கஸ் பொடி வாங்கக் கிடைக்கும். கொஞ்சம் வாங்கினாலே பல வகுப்புக்கு வரும். கலரிமீட்டர் எந்தக் கல்லூரியிலும் இருக்கிறது. மீதி வேண்டியது ஒரு முட்டை. பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, அந்தக் கலங்கல் தெளிவதை ஒரு தடவை காட்டுங்கள்.